இடுப்புப் பட்டை

பைக்காரர் வீட்டில் எதையும் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கிற வழக்கம் கிடையாது. சந்தையிலிருந்து காய்கறி வந்தாலும் முதுகில்தான் வரும். துவைத்த துணி மாடிக்குப் போனாலும் முதுகில்தான் போகும். மூன்று தலைமுறையாக முதுகுப்பை தைக்கும் குடும்பம். ஊருக்கெல்லாம் சுமக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, தன் வீட்டார் ஒரு பக்கம் சாய்ந்து கோணல்மாணலாக நடந்தால் பார்க்கிறவர்கள் சிரிக்கமாட்டார்களா? "பாரம் தோளுக்குப் பகை, இடுப்புக்கு உறவு" என்பது பைக்காரருடைய தகப்பனாரின் வாக்கு. அந்த வாக்குக்காகவே அந்தக் கடையிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு பையிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடுப்புப் பட்டை இருக்கும். பட்டையின் உட்புறத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில், சிவப்பு நூலால் ஒரு சிறிய தையல். அதுதான் அந்த வீட்டின் முத்திரை. அது விழுந்த பை பிரிந்து திரும்பி வந்தது என்று இன்றுவரை ஒருவரும் சொன்னதில்லை.

அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரே மருமகளாக வந்தவள், அந்தச் சிவப்புத் தையல் வயிற்றில் பதிய இறுக்கிக் கட்டப்பட்டு, கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பட்டையோடு சேர்ந்த கித்தான் தொட்டிலில், அவள் மார்போடு ஒட்டி, அவளுடைய குழந்தை. பெண் குழந்தை. பிறந்த அன்று எடை பார்த்த தாதியே "அம்மாடி!" என்று வாயைப் பிளந்துவிட்டதால், வீட்டில் அதற்கு 'மூட்டை' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

எதிர்க்கடைப் பூட்டுக்காரர் அரத்தைக் கீழே வைத்துவிட்டுக் குரல் கொடுத்தார். "என்ன பைக்காரரே, பேத்தியையும் பார்சல் கட்டியாச்சா? விலாசம் எந்தப் பக்கம் எழுதியிருக்கீங்க?"

"விலாசம் எதுக்கு? இது திருப்பி அனுப்புற சரக்கு இல்ல" என்றார் பைக்காரர்.

தெருவே சிரித்தது. மருமகளும் சிரித்தாள். சிரித்த மாத்திரத்தில் அடிவயிற்றுக்கும் கீழே ஏதோ ஒன்று நழுவி இறங்குவது தெரிந்தது. சட்டென்று சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

அவளுக்குக் கர்ப்பப்பை இறங்கியிருந்தது. மூட்டையைப் பெறும்போது பட்ட பாட்டில் உள்ளே தாங்கிப் பிடிக்கிற தசையெல்லாம் தளர்ந்துபோயிற்று. முதலில் அது அவளுக்கே தெரியாது. ஒருநாள் குளிக்கும்போது கைக்கு மெத்தென்று ஓர் உருண்டை தட்டுப்பட்டது. தண்ணீர் ஓடிக்கொண்டேயிருக்க, குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். வீட்டில் இன்னொரு பெண் என்றால் மாமியார்தான். அவளிடம் போய்ச் சொன்னாள்.

"அத்தை, கீழ என்னமோ வெளிய வர்ற மாதிரி இருக்கு."

மாமியார் அடுப்பைத் தணித்துவிட்டு, முதலில் சமையலறைக் கதவைச் சாத்தினாள். "வலிக்குதா?"

"வலி இல்ல. கனமா இருக்கு. சாயங்காலம் ஆயிட்டா நிக்கவும் முடியல, உக்காரவும் முடியல."

"பெத்த உடம்பு அப்படித்தான் இருக்கும். அடி கொஞ்சம் இறங்கும், அப்புறம் தன்னால ஏறிக்கும். வெளிய மூச்சு விடாதே."

"அவர்கிட்ட மட்டும் சொல்லிடறேன் அத்தை."

"அவனா? ஓட்டைவாயன். காலையில சொன்னா மத்தியானத்துக்குள்ள பட்டறை பூரா பரவியிருக்கும். மாமா காதுக்குப் போச்சுன்னா அவர் எப்படி உன் முகத்துல முழிப்பாரு? நீ எப்படி அவர் முகத்துல முழிப்பே? ஒரு வீட்டு மருமகளோட உடம்பு கடைத்தெருவுல பேசற பேச்சா?"

மாமியார் கெட்டவள் அல்ல. ஒரு வீட்டின் பேர் எப்படிச் சேர்கிறது, எப்படி ஒரே நாளில் சிந்திப்போகிறது என்பதைக் கண்ணால் கண்டவள். மூடிவைத்தது கெடாது என்று நம்பினாள். மருமகளும் மூடிவைத்தாள்.

இது எதுவும் அறியாத பைக்காரர், பேத்திக்காக ஒரு சுமப்பான் தைக்க உட்கார்ந்தார். கடையில் இருந்ததிலேயே உயர்ந்த கித்தானை வெட்டினார். மூட்டையின் தொடை அழுந்தாமல் இருக்கப் பஞ்சு வைத்தார். இடுப்புப் பட்டையை மட்டும் இரட்டை மடிப்பாக்கினார். தைத்து முடிந்த அன்று மருமகளை நிற்கவைத்துப் பொருத்திப் பார்த்தார்கள். மருமகளைத் தொட்டு அளக்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. பைக்காரர் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு உத்தரவு போட, மாமியார் பின்னால் நின்று இழுத்தாள்.

"மூச்சு முட்டுற வரைக்கும் இழு. அப்புறம் ஒரு விரல் விடு."

"இழுத்தாச்சு."

"முட்டுதாம்மா?"

"முட்டுது மாமா."

"அதான் சரி" என்றார் ஜன்னலிடம். குரலில் அப்படி ஒரு நிறைவு. "இனிமே நம்ம மூட்டை இறகு மாதிரி. நாள் பூரா கட்டிக்கிட்டு வேலை பாக்கலாம்."

உண்மைதான். தோள் வலிக்கவில்லை. முதுகு வலிக்கவில்லை. கை இரண்டும் காலியாக இருந்ததால் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து பைகளுக்கு ஜிப்பின் பல்வரிசை தைக்க முடிந்தது. கீழே கடை, அதற்கு மேல் பட்டறை, அதற்கும் மேல் வீடு. மூன்றையும் இணைக்க ஒரே ஒரு படிக்கட்டு. இரண்டு பக்கமும் சுவர். எதிரில் ஒருவர் வந்தால் ஒருவர் பின்வாங்கித்தான் ஆகவேண்டும். பாலுக்கு மேலே, வேலைக்குக் கீழே, வந்தவர்களுக்குக் காட்ட அதற்கும் கீழே. பட்டை கட்டியபடி ஏறி இறங்கினாள்.

தோளையும் முதுகையும் விட்ட பாரம் வேறெங்கோ போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. முதலில் சாயங்காலம் மட்டும் தெரிந்த கனம், பிறகு மதியமே தெரிந்தது. தும்மினால் புடவை நனைந்தது. நடக்கும்போது இரண்டு தொடைக்கும் நடுவில் ஏதோ உரசுகிற உணர்வு. ஒருநாள் மூட்டையோடு இறங்கிக்கொண்டிருந்தபோது, அந்த இறக்கம் தாங்காமல் கால்களை ஒட்டி வைத்தாள். ஒட்டி வைத்த கால் படி தவறியது. சுவரில் தோளை அடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மூட்டை ஒன்றும் புரியாமல் அவள் தாலிக்கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தது.

அன்றுதான் அவளுக்குப் பயம் வந்தது. தன் உடம்பு இறங்கினால் இறங்கிவிட்டுப் போகட்டும் என்று இருந்தவள் அவள். இந்த உடம்பை நம்பித் தொங்குகிற குழந்தை விழுந்தால்?

குழந்தைக்குத் தடுப்பூசி போடவேண்டும் என்று சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போனாள். ஊசியும் போட்டாள், பொய் சொன்னதாக இருக்கக்கூடாது என்று. பிறகு பெண் மருத்துவரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் பரிசோதித்துவிட்டுப் பக்கத்து அறையில் இருந்த பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். அந்தப் பெண் பேச்சில் சுற்றி வளைக்காதவள்.

"குழந்தையை எப்படித் தூக்குவீங்க? தூக்கிக் காட்டுங்க."

மருமகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினாள். பட்டையை எடுத்துக் கட்டினாள், பழக்கப்படி, மூச்சு முட்டுகிற வரைக்கும்.

"ஏன் இப்படி இறுக்கறீங்க? யார் சொல்லிக் கொடுத்தது?"

"மாமனார்."

"டாக்டரா?"

"பை தைக்கிறவர்."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு அருகில் வந்து பட்டைக்குள் விரலை நுழைக்கப் பார்த்தாள், நுழையவில்லை. "உங்க மாமனார் உங்க முதுகைக் காப்பாத்திட்டாரு, அதுல சந்தேகமில்ல. ஆனா வயித்தை நடுவுல இப்படி நெரிச்சா, உள்ள இருக்கறதெல்லாம் எங்க போகும் சொல்லுங்க. மேலயா போகும்?"

அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. நிறைய அடைத்த பையை நடுவில் கயிறு போட்டு நெரித்தால் எந்தத் தையல் முதலில் விடும் என்பது பைக்காரர் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பையின் அடியைப் பார்த்துப் பார்த்துத் தைத்த வீடு, பை சுமப்பவளுக்கும் ஓர் அடி உண்டு என்பதை நினைத்துப் பார்க்கவில்லை. ஆண்பிள்ளைகளின் முதுகுக்கென்று பிறந்த வாக்கு அது. பெற்றெழுந்த வயிற்றின் மேல் அதைக் கட்டிப் பார்க்கலாமா என்று யாரும் கேட்டிருக்கவில்லை.

"அப்ப நான் என் புள்ளையைத் தூக்கக் கூடாதா?" என்று கேட்டாள்.

"யார் சொன்னா? தூக்கலாம். தாராளமா தூக்கலாம். தரையிலேருந்து வேண்டாம், கட்டில்லேருந்து எடுங்க. முதல்ல அடித்தசையை உள்ள இழுத்துக்கணும், அப்புறம் மூச்சை வெளிய விட்டுக்கிட்டே தூக்கணும். மூச்சைப் பிடிக்கவே கூடாது. அகலமான துணியா எடுத்து நெஞ்சுக்கு மேல உயரமா கட்டுங்க. நீங்க குனிஞ்சா உச்சந்தலையில முத்தம் கொடுக்கற உயரம். பாரம் முதுகு பூரா பரவட்டும். வயித்துக்குக் குறுக்கே இறுக்கம் ஆகாது. குழந்தையோட மூக்கு எப்பவும் உங்க கண்ணுல படணும், மோவாய் நெஞ்சுல மடங்கக் கூடாது. கொஞ்ச நேரம் தூக்குங்க, கொஞ்ச நேரம் படுங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "உள்ள வெச்சுத் தாங்கிப் பிடிக்கிற வளையம் ஒண்ணு இருக்கு. அடுத்த தடவை அதைப் பத்திப் பேசலாம். இந்தப் பட்டையை மட்டும் இன்னிக்கே கழட்டிடுங்க."

கழற்றிவிடு என்பது அந்த அறையில் எளிய சொல். வீட்டில் அப்படியில்லை.

வரும் வழியெல்லாம் யோசித்துப் பார்த்தாள். பட்டை வேண்டாம் என்று காரணம் சொல்லாமல் மறுத்தால், மாமனாரை எதிர்த்துப் பேசியவள் ஆவாள். பட்டை உறுத்துகிறது என்றால், மூன்று தலைமுறை வேலையில் குறை சொன்னவள் ஆவாள். உண்மையைச் சொன்னால், வெட்கம் கெட்டவள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். அந்தப் படிக்கட்டைப் போலவே.

பட்டறையில் உள்துணிக்காக வாங்கிய பருத்தியில் மீந்த நீளத் துண்டு ஒன்றை எடுத்தாள். ஓரம் மடித்துத் தைத்தாள். மேல் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு மூட்டையை அதில் உயரக் கட்டிப் பார்த்தாள். மூச்சை விட்டாள். குழந்தையின் தலை அவள் மோவாய்க்குக் கீழே வந்து சேர்ந்தது. இத்தனை மாதத்தில் முதல்முறையாக, அந்தப் பாரம் அவளைக் கீழே இழுக்காமல் அவள்மேல் சாய்ந்திருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே அறைக்குள் நடந்தாள்.

அதிக நாள் நீடிக்கவில்லை. துணி மடிக்க வந்த மாமியார் பார்த்துவிட்டாள்.

"இது என்னடி கோலம்? கடைக்காரர் வீட்டுப் புள்ளையைக் கந்தல்ல கட்டியிருக்கே?"

மருமகள் மருத்துவமனைக்குப் போனதைச் சொன்னாள். மாமியார் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அங்க போய் எல்லாத்தையும் காட்டிட்டு வந்தியா?"

"லேடி டாக்டர்தான் அத்தை."

"லேடியோ கேடியோ. சரி, அது போகட்டும். இந்தத் துணியோட நீ கீழ இறங்கினா மாமா என்ன நினைப்பாரு? 'என் பை சரியில்லைன்னு என் மருமகளே தெருவுக்குச் சொல்றா'ன்னு நினைக்கமாட்டாரா? மொத்தக் கடைக்காரர் வேற நாளைக்குப் பாக்க வர்றாரு. நம்ம சுமப்பானை அவங்க கிளைக்கடை எல்லாத்துலயும் போடப் போறாங்களாம். மாமா தூங்கவே இல்ல, தெரியுமா?"

"பட்டை கட்டினா எனக்கு இன்னும் இறங்கும்னு சொல்றாங்க அத்தை."

மாமியார் எழுந்து மூட்டையை இறக்கிக் கட்டிலில் கிடத்தினாள். பிறகு அந்தத் துணியை மடித்து அலமாரிக்குள் வைத்தாள். "நாளைக்கு ஒரு நாள் கட்டிக்கோ. அவங்க போகட்டும். அப்புறம் உடம்பு சரியில்லைன்னு நான் எதையாவது சொல்லி மாமாவைச் சமாளிக்கறேன்."

ஒரு நாள்தானே என்று மருமகளும் தலையாட்டினாள்.

மறுநாள் மொத்தக் கடைக்காரர் மனைவியோடு வந்தார். பைக்காரர் சலவைச் சட்டை போட்டிருந்தார். பேச்சு பேச்சாக இருக்க, மருமகளும் மூட்டையும் கடையின் நடுவில் நிறுத்தப்பட்டார்கள். கொஞ்சம் தாராளமாகவே கட்டிவிட மாமியார் பார்த்தாள். பைக்காரர் கண்ணுக்கு அது தப்புமா?

"பட்டை தொங்குது பாரு. நம்ம மானத்தை வாங்காதே. இழு."

மாமியார் மருமகளின் முகத்தைப் பார்க்காமல் இழுத்தாள்.

"படி ஏறி இறங்கிக் காட்டச் சொல்லுங்கண்ணே. அதுலதான் தெரியும்" என்றார் மொத்தக் கடைக்காரர்.

ஏறினாள். இறங்கினாள். "அட!" என்றார் அவர். "இன்னொரு தடவை. இந்தத் தடவை கையில ஏதாவது வெச்சுக்கச் சொல்லுங்க. கடைக்குப் போற பொம்பளைங்க சும்மாவா வர்றாங்க?" நூல்கண்டுகள் நிறைந்த கூடை ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார்கள்.

பாதிப் படியில் அது நடந்தது. இதுவரை நழுவிக்கொண்டிருந்தது, இப்போது முழுதாகவே இறங்கிவிட்டது போல் ஓர் உணர்வு. கண் இருட்டியது. கூடையைப் படியில் வைத்தாள். சுவரில் முதுகைச் சாய்த்து, மெல்ல உட்கார்ந்தாள். ஒரு கையால் மூட்டையை அணைத்தபடி மறு கையால் பட்டையின் கொக்கியைத் தட்டினாள். அது 'டப்'பென்று விடுபட்ட சத்தம் கடைவரை கேட்டது.

"என்னம்மா?" என்றார் பைக்காரர் கீழேயிருந்து.

"தலைச்சுத்தலா இருக்கும்" என்றாள் பக்கத்தில் நின்ற மாமியார், அவசரமாக. "காலையில ஒண்ணும் சாப்பிடல."

பைக்காரர் முகம் தெளிந்தது. "பாத்தீங்களா? அதானே! பையில ஒரு குறையும் இல்ல."

வழி கிடைத்துவிட்டது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மருமகள் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள்.

அப்போது மொத்தக் கடைக்காரரின் மனைவி, அதுவரை முக்காலியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தவள், எழுந்தாள். "பாவம், அந்தப் பொண்ணு உக்காரட்டும். என்கிட்ட குடுங்க, நான் கட்டிப் பாக்கறேன். எங்க சின்னவன் பிறந்து இன்னும் சரியா நடமாடக்கூட ஆரம்பிக்கல நான். இடுப்புக்கு இப்படி ஒண்ணு இறுக்கமா இருந்தா தேவலாம்னு இருக்கு."

அவள் எழுந்த விதத்தை மருமகள் பார்த்தாள். முழங்காலில் கை ஊன்றி, மூச்சைப் பிடித்து, கால்களை ஒட்டிவைத்துக்கொண்டு எழுந்தாள். இந்த உலகத்தில் அப்படி எழுந்திருப்பது தான் ஒருத்திதான் என்று மருமகள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்க்கா."

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"நீங்க அதைக் கட்டாதீங்க." அவள் பைக்காரரைப் பார்க்கவில்லை; பட்டையைப் பார்த்துப் பேசினாள். "எனக்குக் கர்ப்பப்பை இறங்கியிருக்கு மாமா. பிரசவத்துலயே இறங்கிருச்சு. இந்தப் பட்டை வயித்தை அழுத்தி அழுத்தி அதை இன்னும் கீழ தள்ளுது. பை நல்ல பை. பெத்த உடம்புக்கு மட்டும் இது ஆகாது."

மேலே பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. படிக்கட்டின் மேல் முனையில் அவள் கணவனின் தலை தெரிந்தது. எதிர்க்கடையில் அரத்தின் சத்தமும் நின்றது. மொத்தக் கடைக்காரர் மின்விசிறியை அதற்குமுன் பார்த்தறியாதவர் போல ஆராய்ந்துகொண்டிருந்தார்.

பைக்காரர் திரும்பி, பைகள் தொங்கும் சுவரைப் பார்த்து நின்றார். சலவைச் சட்டையின் முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகு கடைசிவரை வளையவில்லை.

"சரக்கு தயாரா இல்ல. நீங்க போயிட்டு வாங்க" என்றார் சுவரிடம்.

"அண்ணே, அதெல்லாம் பொம்பளைங்க சமாசாரம். அதுக்காக ஆர்டரை விடுவாங்களா?"

"குறையுள்ள சரக்கு எங்க முத்திரையோட வெளிய போனதில்ல. போயிட்டு வாங்கன்னேன்."

போகும்போது அந்த மனைவி மட்டும் படியருகே வந்து குனிந்து, செருப்பு மாட்டுவது போல, "எந்த ஆஸ்பத்திரி?" என்று மெல்லக் கேட்டாள். மருமகள் சொன்னாள்.

அன்று வீட்டில் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். "மூடிவெச்சிருந்தா அழுகிப்போயிருக்குமா?" என்று மாமியார் பாத்திரங்களைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "என்கிட்டக்கூடச் சொல்லலையே" என்று கணவன் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னான். சொல்லியிருந்தால் அவன் என்ன செய்திருப்பான் என்பது அவனுக்கும் தெரியவில்லை. கீழே பைக்காரர் அந்தச் சுமப்பானை மடியில் வைத்துக்கொண்டு, பட்டையின் உட்புறத்திலிருந்த சிவப்பு நூலை ஊசிமுனையால் ஒவ்வோர் இழையாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

விடிந்ததும் தீர்ப்பு வந்தது, மாமியார் வழியாக.

"மாமா சொல்லிட்டாரு. இனிமே நீ ஒண்ணும் தூக்கக்கூடாது. தண்ணிக் குடம், துணி, புள்ளை, எதையும். இந்த வீட்டு மருமக சுமந்து கெட்டான்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லக்கூடாதாம்."

"அத்தை, புள்ளையைத் தூக்கலாம்னு அங்க சொன்னாங்க. எப்படித் தூக்கறதுன்னுகூட—"

"சொல்வாங்க. நாளைக்கு இன்னும் இறங்கினா அவங்களா வந்து பாப்பாங்க?"

"பேசாம உக்காரு. உன் நல்லதுக்குத்தானே" என்றான் கணவன். அன்போடுதான் சொன்னான். அதனால் அவனோடு சண்டை போடவும் வழியில்லை.

பட்டறையில் ஒரு மெத்தை நாற்காலி போட்டார்கள். அதில் உட்காரவைத்தார்கள். பல்வரிசை தைக்கிற வேலைகூட இல்லை. பாலுக்கு மட்டும் மூட்டையைக் கொண்டுவந்து மடியில் வைப்பார்கள். குடித்து முடித்ததும், ஏப்பம் வருமுன்னே, வேறொரு கை வந்து எடுத்துக்கொள்ளும். மூட்டை மாடிக்குப் போகும்; மாமியாரின் தோளுக்கு மேலாக அவளைப் பார்த்துக்கொண்டே போகும். படிக்கட்டுத் திருப்பத்தில் அந்த முகம் மறையும். பட்டை கட்டியிருந்த நாளில் வயிறுதான் நெரிந்தது. இப்போது எங்கே நெரிகிறது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பைக்காரர் அவளோடு நேராகப் பேசுவதை விட்டுவிட்டார். சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று மாமியாரைக் கேட்பார். அக்கறைதான். நாலு பக்கமும் அக்கறை. அதில் ஒரு ஜன்னல் இல்லை.

இதற்கிடையில் மூட்டை கைமாறப் பழகவில்லை. ஒரு மதியம் அது மேல்மாடியில் அழத் தொடங்கியது. சிணுங்கலாகத் தொடங்கி, வீறிடலாகி, நடுநடுவே மூச்சே வராமல் நின்று, மறுபடி வீறிட்டது. மாமியார் பாடுவது கேட்டது. பிறகு மாமியார் திட்டுவது கேட்டது. பிறகு அவளும் அழப்போகிறவள் போல "என்னதான் வேணும் உனக்கு?" என்பது கேட்டது. பட்டறையில் எல்லோரும் தலையைக் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள்.

மருமகள் நாற்காலியிலிருந்து எழுந்தாள், மூச்சை வெளியே விட்டபடி.

"எங்க போறே?" என்றான் கணவன்.

"மேல."

"அப்பா தூக்கக்கூடாதுன்னு—"

"தூக்கிக்கிட்டுத்தான் வரப்போறேன். நீங்க கத்தரியைப் பாத்துப் பிடிங்க, விரல் போயிடப் போகுது."

அவள் மெதுவாகப் படியேறினாள். மேலே மாமியார் மூட்டையைத் தோள் மாற்றித் தோள் போட்டுக்கொண்டிருந்தாள். பாதி வயதுக்காரியே திணறுகிற கனம் அது.

"குடுங்க அத்தை."

"கனம்டி."

"தெரியும். நான் பெத்த கனம்தானே. என் கையில குடுக்காதீங்க, கட்டில்ல போடுங்க. நான் அங்கேருந்து எடுத்துக்கறேன்."

மாமியார் கதவைப் பார்த்தாள், படிக்கட்டைப் பார்த்தாள். பிறகு மூட்டையைக் கட்டிலில் கிடத்தினாள். மருமகள் அலமாரியைத் திறந்து தான் ஓரம் தைத்த துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். கட்டிலோரம் முழங்காலை மடக்கி நெருங்கினாள். அடியை உள்ளே இழுத்தாள். மூச்சை நீளமாக வெளியே விட்டுக்கொண்டே குழந்தையைத் தன் மார்போடு சேர்த்தாள். துணியை முதுகில் அகல விரித்து, வயிற்றில் இறுக்காமல் சுற்றி முடிந்தாள். மூட்டையின் மூக்கு தெரிந்தது. உச்சந்தலையில் முத்தம் கொடுக்க எட்டியது. விக்கல் மட்டும் மிச்சமிருந்தது, அழுகை நின்றுவிட்டது.

மாமியார் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "படியில ஜாக்கிரதை" என்று சொன்னவள், தானே முன்னால் போய் ஒரு படி கீழே நின்று, சுவரில் கை ஊன்றிக்கொண்டு, அவளுக்கு முன்னால் ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

பட்டறையைத் தாண்டினார்கள். கணவன் கத்தரியைக் கீழே வைத்துவிட்டான். கடைக்கு வந்துவிட்டார்கள். கல்லாவுக்குப் பின்னால் பைக்காரர் உட்கார்ந்திருந்தார். எதிர்க்கடைப் பூட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார்; வழக்கமாக வாயில் வந்துவிழும் கேலி அன்று வரவில்லை. ஏதோ அவசரச் சாவி போலத் தலையைக் குனிந்து அரத்தைத் தேய்த்தார்.

பைக்காரர் மருமகளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. துணியைப் பார்த்தார். அது தோளில் படிந்த விதம், முதுகில் விரிந்த அகலம், குழந்தை உட்கார்ந்த உயரம் எல்லாவற்றையும் கண்ணாலேயே அளந்தார். வயிற்றுப் பக்கம் மட்டும் பார்வை போகவில்லை.

"முடிச்சு ஒரு பக்கமா கிடக்கு" என்றார் மனைவியிடம். "ஒரு தோள் அதிகமா வாங்குது. நடுவுல போடச் சொல்லு."

மாமியார் மருமகளைப் பார்த்தாள். மருமகள் மாமனாரைப் பார்த்துச் சொன்னாள்: "போட்டுக்கறேன் மாமா."

அவர் மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "வாசல்ல வேண்டாம். உள்பக்கமா நிக்கச் சொல்லு" என்றார்.

உள்பக்கம் என்றால் பைகள் தொங்கும் சுவருக்கும் கல்லாவுக்கும் இடையில் இரண்டடி இடம். மருமகள் அங்கே போய் நின்றாள். முடிச்சை அவிழ்க்காமல், ஒரு கையால் மூட்டையைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் துணியை இழுத்து நடுமுதுகுக்குக் கொண்டுவந்தாள். அவர் சொன்னது சரிதான். தோள் இரண்டும் சமமாயின. அடியில் கனம் இன்னும் இருந்தது. சாயங்காலம் அது கூடும். அப்போது படுத்துக்கொள்ள வேண்டும். அதற்குமுன் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

மூட்டை அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்தது. அவள், அதன் மூக்கு தெரிகிறதா என்று பார்த்துத் தலையைக் கொஞ்சம் திருப்பிவிட்டாள்.